ராமபத்ரன் பாடாமல் விட்ட வரி

மட்டாஞ்சேரி
வெள்ளிக்கிழமை, மத்தியானம்

சௌ. ஸாதனாவுக்கு அப்பா மனமார ஆசீர்வாதம் செய்து எழுதுவது. பழயன்னூர் பகவதி புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் உடம்பளவில் சௌக்கியமாக இருக்கிறோம். மனசளவில் எப்படி என்பது மேற்கொண்டு வாசித்தால் உனக்கே விளங்கும். நீயும் அந்த ஆம்ஸ்டர்டாம் குளிரில் ஜலதோஷம் பிடிக்காமல், வேளைக்கு எதையாவது சூடாகச் சாப்பிட்டு, நன்றாக இருக்கிறாய் என்றே நம்புகிறோம். போனில் பேசினால் போதாதா, எதற்குக் கையெழுத்துக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் எதைச் சொன்னாலும் நீ ம் என்கிறாய், வாட்சாப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய். மலையாளத்தில் எழுதுங்கோ, அவளுக்கு அதுதான் சட்டுனு வாசிக்க வரும் என்றாள் அம்மா. சட்டென்று வாசிக்க வேண்டாம் என்றுதான் தமிழில் எழுதுகிறேன். எழுத்துக் கூட்டி மெள்ள வாசி. எனக்கு ஒன்றும் அவசரம் இல்லை.

முதலில் வீட்டுச் சமாசாரம். அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, டாக்டர் படி ஏறக்கூடாது என்கிறார், இவள் மொட்டைமாடியில் வற்றல் காயப்போடாமல் இருக்க மாட்டேன் என்கிறாள், நடுவில் நான் என்ன சொன்னாலும் தப்பு. குழாயில் தண்ணீர் நினைத்தால் வருகிறது, நினைத்தால் போகிறது. பைனாலே என்கிற கலைக் கண்காட்சியைப் பார்க்க வந்தவர்கள் பஜார் ரோடு முழுக்க நிற்கிறார்கள். நான் இத்தனை வருஷம் மிளகு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வேலை பார்த்த கிடங்கில் யாரோ வெறும் கயிறுகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள், அதையும் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறார்கள். கிருஷ்ணபிரசாத் சித்தப்பா போன ஞாயிற்றுக்கிழமை திருப்பூணித்துறையிலிருந்து வந்திருந்தான். வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றாமல், அண்ணா, நம்ம ஸாதனா பெரிய ஆளாயிட்டா, இதைப் பாருங்கோ என்று போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான். ஏதோ இங்கிலீஷ் சங்கீதப் பத்திரிகை, காகிதத்தில் வராதாம், போனில் மட்டும்தான் வருமாம். அதில் உன் பேட்டி, உன் படம். நீ மெலிந்திருக்கிறாய். அம்மா இரண்டு தரம் சொல்லிவிட்டாள்.

பேட்டி முழுக்க சினிமாப் பாடகர் ராமபத்ரனைப் பற்றித்தான். எழுபது தாண்டிய மனுஷர் உங்கள் ஊருக்கே வந்து தங்கி அந்தக் 'கோட்டுவாய்' ஆல்பத்தைப் பாடிக் கொடுத்ததையும், நீ அதற்கு மிக்ஸிங் செய்ததையும் அழகாகத்தான் சொல்லியிருக்கிறாய். ஒரே ஒரு வாக்கியம்தான் சாதத்தில் கடிபட்ட கல் மாதிரி ஆகிவிட்டது. என் காது ராமபத்ரன் சாரின் குரலால் ஆனது, எங்கள் வீட்டில் நான் கேட்டு வளர்ந்தது அந்தக் குரலைத்தான் என்று சொல்லியிருக்கிறாய். எங்கள் வீடு என்றால் எந்த வீடு, ஸாதனா? பாலஸ் ரோட்டில் இருக்கிற இந்த வீடுதானே? இங்கே ராமபத்ரன் என்றைக்கு வந்து பாடினார்? அவர் கேசட்டுகளை நான் ஹெட்ஃபோனில்தான் கேட்பேன், ஒரே வரியை ரீவைண்ட் செய்து செய்து கேட்டால் உன் அம்மாவுக்குத் தலைவலி வந்துவிடும் என்பதால். கேட்டு முடித்து, கூடத்தில் உட்கார்ந்து வாய்விட்டுப் பாடுவது நான். நீ சுவரில் சாய்ந்து ஹோம்வொர்க் எழுதிக்கொண்டு கேட்ட குரல் என்னுடையது. நான் மேடையில் சினிமாப் பாட்டுப் பாடுகிற கானமேளாவுக்குக் கூட வந்து, மிக்ஸர்காரர் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, அப்பா, எக்கோ கூடுதல் என்று ஆறு வயதில் சொன்னாயே, அது யாருடைய எக்கோ? அந்த வாக்கியத்தை நீ திருத்தியாக வேண்டும், என் பெயரை அதில் போட்டாக வேண்டும் என்று சொல்வதற்காகத்தான் திங்கட்கிழமை பேனாவை எடுத்தேன். அன்று எழுதியதைக் கிழித்துப் போட்டாயிற்று. இது வேறு கடிதம். ஏன் கிழித்தேன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

மறைத்துப் பேச எனக்கு வராது. எனக்குப் பொறாமை. வயிறு எரிகிறது என்றே வைத்துக்கொள். நாலு மாசத்துக்கு முன்னால் நீ ஒரு படம் அனுப்பினாயே, ராமபத்ரன் உன் ஸ்டூடியோவில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், நீ அவர் கழுத்தில் மஃப்ளர் சுற்றிவிடுகிறாய். அந்த மஃப்ளர் நான் இங்கே பிராட்வே கடைத்தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி உனக்காக வாங்கியது. அவருக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தேன் அப்பா, அவருக்குத் தொண்டை சரியில்லை என்று அடியில் ஒரு வரி வேறு. நல்லது, வயசானவர், செய்ய வேண்டியதுதான். ஆனால் இங்கே ஒருத்தனுக்கும் தொண்டை இருக்கிறது. உனக்குத் தெரியாததா, என் பெயர் வெங்கிடாசலம் என்பதே இந்த ஊருக்கு மறந்துபோய்விட்டது. கானமேளா போஸ்டரில் கொட்டை எழுத்தில் 'மட்டாஞ்சேரி ராமபத்ரன்', அவ்வளவுதான். காய்கறிக்காரனுக்கு நான் பத்ரண்ணா, போட் ஜெட்டியில் டிக்கெட் கொடுக்கிறவனுக்குப் பத்ரேட்டன். போஸ்ட்மேன் ஒருமுறை என் பெயருக்கு வந்த தபாலை, இங்கே அப்படி ஆள் இல்லை என்று திருப்பி எடுத்துக்கொண்டு போனார். இவ்வளவும் யாருக்காக? அந்த மனுஷர் மூக்கால் இழுத்தால் நானும் இழுத்தேன். அவருக்குச் சளி பிடித்த நாளில் பதிவான பாட்டை நான் சளி பிடித்த மாதிரியே பாடினேன், ஜனங்கள் விசில் அடித்தார்கள். அவர் என்னை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. இப்போது என் பெண்ணையும் எடுத்துக்கொண்டார்.

அந்த ஆல்பம் வந்த அன்று நீ லிங்க் அனுப்பினாய். நான் சாப்பிட்டுவிட்டுச் சாவகாசமாக உட்கார்ந்து போட்டேன். முதலில் ஒருவர் கொட்டாவி விடுகிறார். கோட்டுவாய் என்றால் கொட்டாவிதானே, சரி, வேடிக்கைக்காக வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தால் அதே கொட்டாவி திரும்பத் திரும்ப வருகிறது, அதன்மேல் டக் டக் என்று ஒரு மிஷின் தாளம், அப்புறம் ராமபத்ரன் குரல் கரகர என்று ஆரம்பித்து நடுவிலேயே உடைந்து இரண்டாகப் போகிறது. போன் ஸ்பீக்கர் போய்விட்டது என்று நினைத்தேன். வெயிலில் சுள்ளிக்கல் வரைக்கும் நடந்து, உன்னோடு படித்த அனிலின் மொபைல் கடைக்குப் போய், இதைக் கழற்றிச் சுத்தம் பண்ணு என்றேன். அவன் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, அங்கிளே, ஸ்பீக்கருக்கு ஒரு குழப்பமும் இல்லை, பாட்டே இப்படியாக்கும் என்றான். அதோடு விட்டானா, கடையில் நின்ற எல்லாரிடமும், இது நம்ம ஸாதனா மிக்ஸ் பண்ணினதாக்கும் என்று கூவி, பெரிய ஸ்பீக்கரில் வேறு போட்டுவிட்டான். சாயா வாங்கிக் கொடுத்தான். ஒவ்வொருத்தனும் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு நிற்கிறான். அதில் ஒரு பாட்டில் குக்கர் விசில் வருகிறது, ஒருத்தன் அதற்குக்கூடத் தலையாட்டினான். நான் சாயாவைக் குடித்து முடிக்காமலேயே கிளம்பி வந்துவிட்டேன்.

நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த மனுஷர் பாட்டை என்னைவிட நன்றாக அறிந்தவன் இந்த உலகத்தில் கிடையாது, பத்திரிகைக்காரர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சினிமாவை விட்டு விலகிய பிறகு அவர் போட்டது மூன்று ஆல்பம். முதல் ஆல்பத்தில் வயசை மறைக்கப் பார்த்தார், எங்கே பார்த்தாலும் எக்கோ, குரலுக்கு ஒப்பனை போட்ட மாதிரி இருந்தது. அது ஓடவில்லை, எனக்கு மனசுக்குள் சந்தோஷம்தான். இரண்டாவதில் வயசையே காட்டி அனுதாபம் கேட்டார், பின்னால் குழந்தைகள் கோரஸ் வேறு. அதுவும் ஓடவில்லை, அன்றைக்கு நான் அம்மாவைப் பாயசம் வைக்கச் சொன்னேன், ஏன் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. இந்த மூன்றாவதில்தான் மனுஷர் மறைக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. நான் அதை யாருக்கும் தெரியாமல் ஹெட்ஃபோனில் கேட்கத் தொடங்கினேன், குற்றம் கண்டுபிடிக்கத்தான். ஒரு பாட்டில் பல்லவியே வெறும் ம். போனில் யாரோ பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறவன் சொல்லும் ம், கோபத்தில் சொல்லும் ம், தூக்கத்தில் சொல்லும் ம், அத்தனையையும் அடுக்கி, அதன் கீழே சின்னக் குழந்தை விளையாட்டுப் பெட்டி மாதிரி ஒரு கீபோர்டு. சிரித்துக்கொண்டேதான் கேட்டேன், முடிகிறபோது கண் கலங்கிவிட்டது. அந்தக் குக்கர் பாட்டில் ஆட்டோட்யூன் போட்டு அவர் குரலை ரோபோ மாதிரி ஆக்கியிருக்கிறாய், ஒரு சொல்லின் பாதியில் அதை எடுத்துவிடுகிறாய், திடீரென்று கிழவர் குரல் சட்டை போடாமல் வெளியே வந்து நிற்கிறது. யாருக்குத் தோன்றும் அப்படி? எனக்குப் பெருமை வந்த அதே நிமிஷத்தில் எரிச்சலும் வந்தது. அவர் அந்தக் குரலிலிருந்து விடுபட்டுப் போய்விட்டார். நான் அவர் முப்பது வயதில் பாடி, இப்போது கழற்றிப் போட்ட குரலை இன்னும் மாட்டிக்கொண்டு கல்யாண மண்டபங்களில் நிற்கிறேன்.

இனி சொல்வதைப் படித்துச் சிரிக்காதே. சிரித்தாலும் அம்மாவிடம் சொல்லாதே. மார்க்கெட்டில் காய்கறி மொத்த வியாபாரம் செய்கிற ஒச்சப்பனை உனக்கு ஞாபகம் இருக்கும், உசிலம்பட்டிக்காரர், ஊரிலிருந்து கொச்சிக்கு வந்த நாள் முதல் என் கானமேளாவை விட்டதில்லை. அவர் மகள் கல்யாண ரிசப்ஷன் போன மாசம் சுள்ளிக்கல் ஹாலில் நடந்தது, பாட்டு எங்கள் ட்ரூப். மாப்பிள்ளையின் சிநேகிதர்கள், களமசேரியில் படிக்கிற பையன்கள், முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு, கோட்டுவாய் பாடுங்க, கோட்டுவாய் பாடுங்க என்று சத்தம் போட்டார்கள். எனக்கு அது கேட்க வேண்டும் என்றே இருந்தது. ஏனென்றால் நான் தயாராகத்தான் போயிருந்தேன். எப்படித் தயாராவேன் என்று உனக்குத் தெரியுமே. எந்த இடத்தில் மூச்சு, எந்த இடத்தில் குரல் உடைகிறது, எந்த இடத்தில் செருமுகிறார், எந்த எழுத்தில் இருமல், எல்லாவற்றையும் அச்சு அசலாக மனப்பாடம் செய்திருந்தேன். கீபோர்டுக்காரனுக்கும் சொல்லிக்கொடுத்திருந்தேன். மைக்கைப் பிடித்தேன், கொட்டாவி விட்டேன், பையன்கள் கைதட்டினார்கள், அதுவரைக்கும் சரி. பிறகு சரியான இடத்தில் குரலை உடைத்தேன். சரியான இடத்தில் இருமினேன். இரண்டாவது இருமலுக்கு ஹாலே அமைதியாகிவிட்டது. மூன்றாவது இருமலுக்கு ஒச்சப்பன் பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடைமேல் ஏறி ஓடிவந்தார். ஐயா, என்னய்யா செய்யுது, நெஞ்சு வலிக்குதா, மொதல்ல உக்காருங்கய்யா என்று என் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கி, நாற்காலி போட்டு, சீரகத் தண்ணீரை வாயில் புகட்டிவிட்டார். பெண்ணும் மாப்பிள்ளையும் எழுந்து நின்றுவிட்டார்கள். யாரோ கார் சாவியை எடுத்துக்கொண்டு வந்தார். நான் பாடித்தான் காட்டினேன் என்று எப்படிச் சொல்ல முடியும்? நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒச்சப்பன் என்னை வீடுவரை கொண்டுவந்து விட்டு, இனிமே ஒடம்ப வருத்திக்காதீங்கய்யா என்று அம்மாவிடமும் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து இந்த வீட்டில் எனக்கு உப்பு குறைவு.

பார்த்தாயா, அந்த மனுஷர் இருமினால் கலை, நான் இருமினால் ஆஸ்பத்திரி. அன்று இரவு முழுக்க அவரைத் திட்டினேன். இந்த மூட்டத்தில் இருந்தபோதுதான் உன் பேட்டி வந்து சேர்ந்தது. திங்கட்கிழமை பேனாவை எடுத்தபோது, வெறுமனே பெயரைப் போடு என்று கேட்டால் பிச்சை கேட்பது மாதிரி இருக்கும், அந்த ஆல்பத்தில் இருக்கிற தப்புகளையும் எழுதினால்தான் மதிப்பு என்று நினைத்தேன். அதற்காகக் கடைசிப் பாட்டைப் போட்டேன். அதுவரை அதை நான் சரியாகக் கேட்டதில்லை, தள்ளித் தள்ளிப் போய்விடுவேன். ஏனென்றால் அது நாம் ஜன்னல் பாட்டு என்று சொல்கிற அந்தப் பழைய சினிமாப் பாட்டு. ராமபத்ரனின் பெயர் நிலைத்ததே அதில்தான், நான் எந்த ஊர் மேடையிலும் கடைசியாகப் பாடுவதும் அதுதான். சரணத்தில் ஒரு வரி மேலே ஏறுமே, நான் தலையைப் பின்னால் சாய்த்து மைக்கைத் தள்ளிப் பிடிப்பேன், கூட்டம் எழுந்துவிடும். நீ அந்த இடத்தில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சிரிப்பாய். அதே பாட்டை இப்போது கிழவர் திரும்பப் பாடியிருக்கிறார். சுவர்க் கடிகாரம் மாதிரி ஒரு தாளம், ஒற்றை விரலில் ஒரு கீபோர்டு, வரிகளைப் பாதி பாடி, பாதி பேசிக்கொண்டு வருகிறார். மேலே ஏறும் அந்த வரி வருகிறது. மூச்சை இழுக்கிறார். நல்ல பெரிய மூச்சு, எனக்கு அந்த மூச்சின் அளவு தெரியும், அதை இழுத்தவருக்கு அந்த வரி தாராளமாக எட்டும். இழுத்தவர் பாடவில்லை. தாளம் மட்டும் அந்த வரியின் நீளத்துக்கு நடந்து போகிறது. அடுத்த வரியிலிருந்து, ஒன்றும் நடக்காத மாதிரி, தொடர்கிறார்.

பாவம், முடியவில்லை என்று எழுத வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் உன்னிடம் பொய் எழுத முடியாது, நீ காது உள்ளவள். முடியாமல் விடுகிறவன் அவ்வளவு மூச்சு எடுக்க மாட்டான். ஊரில் எல்லாருக்கும் மனப்பாடமாகிப்போன வரியை இனி நான் எதற்குப் பாட வேண்டும், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுக் கொடுத்திருக்கிறார். இத்தனை வருஷத்தில் அவரிடம் நான் பார்க்காத தாராளம் அது. அதையும் அவர்தான் செய்ய வேண்டுமா என்று கோபத்தோடு மறுபடி போட்டேன். ஹெட்ஃபோன் சார்ஜ் தீர்ந்திருந்தது, போனிலேயே போட்டேன். அம்மா சமையலறையில் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அந்த இடம் வந்தது, அவர் மூச்சை இழுத்தார், நான் அறியாமல் நானும் இழுத்துவிட்டேன், வரி தானாக என் வாயிலிருந்து வந்துவிட்டது. ஸாதனா, அவர் குரலில் வரவில்லை. எப்படி வரும், அந்த இடத்தில் பின்தொடர்ந்து போக அவர் இல்லையே. கொஞ்சம் கீழே, கொஞ்சம் தடிப்பாக, மிளகுக் கிடங்குக் கரகரப்போடு, மேல் இடத்தில் லேசாக அலைந்து, ஆனால் கீழே விழாமல், ஏதோ ஒரு குரல் வந்தது. எனக்கே யார் என்று தெரியவில்லை. தாளம் முடிகிற இடத்தில் சரியாக முடிந்தது. சமையலறையில் கத்திச் சத்தம் நின்றது. ஏன்னா, அது யாராக்கும் பாடறது, ரேடியோவா என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டாள். ஆமாம், ரேடியோ என்றேன். நன்னா இருக்கே, யாரோ புதுசாக்கும், கொஞ்சம் சத்தமா வைங்கோ என்றாள்.

என்னோடு முப்பத்தைந்து வருஷம் குடித்தனம் செய்தவள் அவள். என் செருமலை வைத்து நான் எந்த அறையில் இருக்கிறேன் என்று சொல்லிவிடுவாள். அவளுக்கு அந்தக் குரல் யாரோ புதுசு. அப்போதுதான் உன் பேட்டி ஞாபகத்துக்கு வந்தது. எங்கள் வீட்டில் நான் கேட்டு வளர்ந்தது ராமபத்ரன் சாரின் குரலைத்தான் என்று நீ சொன்னது பொய்யில்லை. வாய் என்னுடையதாக இருந்திருக்கலாம், குரல் அவருடையதுதான். என்னுடையதை இந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை, நான் உட்பட. தாலாட்டுக்கூட உனக்கு அவர் மாதிரிதான் பாடினேன். எழுதி வைத்திருந்ததை எடுத்துக் கிழித்துப் போட்டேன். ஆகவே பேட்டியை நீ திருத்த வேண்டாம். என் பெயரையும் போட வேண்டாம். போட்டால் தப்பாகிவிடும்.

பொறாமை போய்விட்டது என்று நினைத்துவிடாதே. அதிகமாகியிருக்கிறது. என் குரல் எனக்குக் கிடைப்பதற்குக்கூட அந்த மனுஷர்தான் வாயை மூட வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் எரிகிறது. ஆனால் ஒரு சந்தேகம் வந்து ஐந்து நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. மிக்ஸிங் செய்தவள் நீ. எதை வைப்பது, எதை எடுப்பது என்பது உன் கையில் இருந்தது. அந்த வரியைப் பாடாமல் விட்டது அவரா, அல்லது அவர் பாடி, நீ எடுத்துவிட்டாயா? அவர் விட்டதானால் அவரிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம், எனக்கு மட்டும் எழுது. நீ எடுத்ததானால் யாருக்காக எடுத்தாய் என்றும் எழுது. பதில் ம் என்று வரக்கூடாது, கட்டைவிரலும் வரக்கூடாது.

அம்மா தினமும் அந்த ரேடியோவைப் போடச் சொல்கிறாள். அந்த ஸ்டேஷன் எடுக்கவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொண்டு இருக்கிறேன். அதற்குப் பிறகு பாடவில்லை. மேடைக்கும் போகவில்லை, அம்மா என் நெஞ்சுக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், நினைக்கட்டும். நீ விஷுவுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாய். வரும்போது அந்தப் பெரிய மைக், அதற்கு மாட்டுகிற பஞ்சு, பெட்டி எதுவும் கொண்டுவராதே. மைக்கைப் பார்த்தால் என் தொண்டை தானாக அவர் குரலுக்குப் போய்விடும். வெறும் காதோடு வா. சமையலறையில் அம்மா இருக்கட்டும், நீ முன்பு மாதிரி சுவரில் சாய்ந்து உட்கார், நான் ஒரு வரி பாடுகிறேன். சரியாக வராது என்று இப்போதே சொல்லிவிட்டேன். அவரிடம் சொல்லத் தோன்றினால் சொல்லாதே. இது ஒன்றாவது அவருக்கு முன்னால் எனக்குக் கிடைக்கட்டும்.

ஹெட்ஃபோனைச் சத்தமாக வைத்துக்கொண்டு வேலை செய்யாதே, காதுதான் உனக்குச் சோறு. தலைக்கு எண்ணெய் வைத்துக் குளி. குளிர்ந்த பாலில் எதையோ கொட்டிச் சாப்பிடுகிறாயே, அதை விட்டுவிட்டு காலையில் ஒரு தோசையாவது வார்த்துக்கொள், அம்மா பொடி அனுப்புகிறாள். அந்த மஃப்ளரைக் கேட்டுத் திரும்ப வாங்கிக்கொள், அவருக்கு வேறு வாங்கிக் கொடு. நீ நூறு வயது நல்ல காதோடும் நல்ல மனசோடும் இருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் பகவதியை வேண்டிக்கொள்கிறோம். இதற்குப் பதிலை நீயும் கையால் எழுது, எழுத்துப்பிழை இருந்தால் பரவாயில்லை. கவரில் மறக்காமல் வெங்கிடாசலம் என்றே எழுது. அப்படி ஆள் இல்லை என்று போஸ்ட்மேன் சொல்லிவிடாமல் இருக்க நான் தினமும் வாசலில் நிற்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
வெங்கிடாசலம்